முகந்திருப்பாத கவிதாயினி

நோயினால் உருக்குலைந்த ஒரு முகம் எதிர்ப்படும்போது மனிதர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் பார்வையை வேறு திக்கிற் செலுத்தி விரைந்து நடந்துவிடுகின்றனர். வேறு சிலர் சற்றே நின்று, உச்சுக்கொட்டி, ஒரு நாணயத்தை இட்டு, தம் உடம்பு நலமாயிருப்பதற்குத் தெய்வத்துக்கு நன்றி கூறியபடி அகன்றுவிடுகின்றனர். முன்னவர் செயலை அருவருப்பென்றும் பின்னவர் செயலை இரக்கமென்றும் அழைக்கின்றோம். ஆயினும் அந்த முகத்துக்குரியவரின் இடத்திலிருந்து நோக்கினால் இரண்டிற்கும் அதிக வேற்றுமை இல்லை. இருவருமே அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை அல்லவா?

மூன்றாவது வகையினர் அரியர். அருகே அமர்ந்து, பெயரைக் கேட்டறிந்து, உணவைப் பகிர்ந்துண்டு, அந்த முகத்தை அச்சமின்றி நோக்க வல்லவர்கள் அவர்கள். பாரசீக மொழியின் நவீன கவிதாயினியாகிய ஃபரூக் ஃபரோக்ஸாத் அத்தகையோருள் ஒருவர். 32 வயதிலே மறைந்துவிட்ட அவர் தாமே இயக்கி நமக்கு விட்டுச்சென்ற படம் ஒன்றேயொன்றுதான். தொழுநோயாளர் குடியிருப்பொன்றைப் பற்றிய விவரணப் படம் அது. 22 நிமிட நேரமே ஓடுவது. பாரசீகத்தில் கானே சியாஹ் அஸ்த் என்று பெயர். வீடு கறுப்பாயிருக்கிறது என்பது அதன் பொருள்.

றொசல்லவில் ஆசிரியத் தொழில் புரியும் நான், நண்பர் சிலருடன் கூடி நடத்திவரும் வாசகர் வட்டத்திலே இப்படத்தைக் காணும் வாய்ப்புப் பெற்றேன். படம் முடிந்ததும் மாணவர் சிலர் கேட்ட முதல் வினா, இதை எடுத்த பெண் யார் என்பதாகும். அவ்வினாவுக்கு விடையாக நான் தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்கு ஒழுங்குபடுத்தித் தருகின்றேன்.

ஃபரூக் 1934ஆம் ஆண்டின் இறுதியில் ஈரானின் தலைநகராகிய தெஹ்ரானிற் பிறந்தார். தந்தையார் இராணுவ அதிகாரி; வீட்டிலும் படைமுகாமின் கட்டுப்பாட்டையே நிலைநாட்டியவர். ஏழு பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தில் வளர்ந்த ஃபரூக் ஒன்பதாம் வகுப்புவரை பள்ளியிற் கற்றார். பின்னர் பெண்களுக்கான கைத்தொழிற் பள்ளியொன்றில் ஓவியமும் தையலும் பயின்றார். பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை.

பாரசீகம் கவிதையை உயிரென மதிக்கும் நாடு. ஹாபிஸ், சாதி, ரூமி ஆகியோரின் பாக்கள் அங்கு கற்றோர் நாவிலும் கல்லாதோர் நாவிலும் பழகுவன. எனினும் அம்மரபிலே பெண் பாடப்படும் பொருளாய் இருந்த அளவுக்குப் பாடும் வாயாய் இருந்ததில்லை. ஒளவையாரும் வெள்ளிவீதியாரும் தம் நெஞ்சின் வேட்கையைத் தம் குரலிலேயே பாடிய ஒரு மரபுக்கு உரியவர்கள் நாம். ஆதலின் ஒரு பெண் தன் உடலையும் உள்ளத்தையும் பற்றித் தானே பேசுதல் அந்நாட்டில் எத்துணைப் பெரிய துணிவு என்பதை நாம் சற்று முயன்றே உணரவேண்டும்.

16 வயதிலே, தம்மிலும் பத்தாண்டுக்கு மேல் மூத்தவரும் தூரத்து உறவினருமான பர்வேஸ் ஷாபூர் என்பவரை ஃபரூக் மணந்தார். நகைச்சுவை எழுத்தாளர் என்று பிற்காலத்திற் பெயர் பெற்றவர் இவர். ஃபரூக் விரும்பிச் செய்துகொண்ட மணம்தான் அது. தென்மேற்கிலுள்ள அஹ்வாஸ் நகரிலே இல்லறம் தொடங்கியது; 1952இல் ஓர் ஆண் மகவும் பிறந்தது. ஆனால் கவிதை எழுதுவதும், கவிதையை வெளியிடத் தெஹ்ரானுக்குத் தனியே சென்று வருவதும் ஒரு குலப்பெண்ணுக்கு அடாத செயல்கள் எனக் கருதிய சமுதாயம் அது. சில ஆண்டுகளுள் மணவாழ்வு முறிந்தது. அந்நாட்டுச் சட்டப்படி குழந்தை தந்தையைச் சேர்ந்தது. பெற்ற தாய் தன் மகனைப் பார்ப்பதுகூட அரிதாயிற்று.

1955இல் சிறைப்பட்டவள் என்னும் பொருள்படும் அவரது முதற்றொகுதி வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர், ஒரு பெண் தன் காதலின்பத்தை ஒளிவின்றிக் கூறும் கவிதையொன்று சஞ்சிகையில் வெளியாகிப் பெரும் புயலைக் கிளப்பியிருந்தது. சமயத் தலைவர்கள் கண்டித்தனர். பத்திரிகைகள் வம்பு வளர்த்தன. இத்தனையும் தாங்கமாட்டாது மனம் நொந்து, சில காலம் அவர் மனநோய் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. 1956இல் ஐரோப்பா சென்று, இத்தாலியிலும் ஜேர்மனியிலும் சில மாதங்கள் வாழ்ந்து திரும்பினார். அவ்வாண்டு சுவர் என்ற தொகுதியும், 1958இல் கலகம் என்ற தொகுதியும் வந்தன. சிறை, சுவர், கலகம் என்னும் அப்பெயர்களே அவர் அக்காலத்தில் வாழ்ந்த வாழ்வை விளக்கப் போதுமானவை. அடைக்கப்படுதல் என்றால் என்ன என்பதை, தொழுநோயாளரைக் காணுமுன்னரே அவர் அறிந்திருந்தார்.

1958இல் எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான இப்ராஹீம் கொலஸ்தானை அவர் சந்தித்தார். கொலஸ்தானின் படக்கூடத்திலே முதலில் சாதாரண அலுவலகப் பணியிற் சேர்ந்தார். படிப்படியாகப் படத்தொகுப்பைக் கற்றார். 1959இல் இங்கிலாந்து சென்று படத் தயாரிப்பு முறைகளையும் பயின்று வந்தார். மணமானவரான கொலஸ்தானுடன் அவர் கொண்ட காதல் ஊர்வாயை மேலும் திறந்துவிட்டது. அதனை அவர் மறைக்கவுமில்லை. அதற்காக வேலையை விடவுமில்லை. அஹ்வாஸ் அருகே எண்ணெய்க் கிணறொன்று தீப்பற்றி இரண்டு மாதங்களுக்கு மேலாக எரிந்ததைப் பற்றி அப்படக்கூடம் எடுத்த படத்தைத் தொகுத்தவர் ஃபரூக். 1961இல் வெனிஸ் விழாவிலே அப்படம் பரிசு பெற்றது. ஒரு காட்சியை எங்கே வெட்டவேண்டும், எத்துணை நேரம் நிறுத்தவேண்டும் என்னும் நுட்பம், செய்யுளில் அசையையும் சீரையும் அளந்து பழகிய அவருக்கு எளிதிற் கைவந்தது எனலாம்.

இந்நிலையிலேதான் ஈரானின் தொழுநோயாளர் உதவிச் சங்கம், நோயைப் பற்றி மக்களுக்கு அறிவூட்டும் படமொன்றைச் செய்துதருமாறு அப்படக்கூடத்தை நாடியது. பொறுப்பு ஃபரூக்கிடம் வந்தது.

படத்துள் நுழையுமுன் நோயைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. தொழுநோய் பாவத்தின் பலனுமன்று, பரம்பரைச் சாபமுமன்று. 1873இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்த ஒரு கிருமியே அதற்குக் காரணம். பெரும்பாலான மக்களின் உடல் அதனை இயல்பாகவே எதிர்க்க வல்லது. எனவே எளிதிற் பரவும் நோயுமன்று. கிருமி உடலிற் புகுந்தபின் நோய்க்குறி தோன்றப் பல ஆண்டுகள் செல்லும். அது முதலிற் பற்றுவது தோலையும் நரம்பையும். நரம்பு கெட உணர்ச்சி அழிகிறது. அடுப்பிற் கை சுட்டாலும் காலில் முள் தைத்தாலும் வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் புண் கவனிக்கப்படுவதில்லை; கவனியாத புண் புரையோடி விரலைக் குறைக்கிறது. இமை மூடும் ஆற்றல் குன்றினால் கண்ணும் பழுதுறுகிறது. விரல்கள் தாமாக உதிர்கின்றன என்ற பழைய எண்ணம் தவறென்பதை, நம் தமிழகத்து வேலூரில் 1940களின் பிற்பகுதி முதல் உழைத்த டாக்டர் போல் பிராண்ட் உலகறிய விளக்கினார். வலியென்பதே உடம்புக்கு வாய்த்த காவலன் என்பது அவர் கண்ட உண்மை.

ஃபரூக் அப்படத்தை எடுத்த காலத்தில் சல்போன் வகை மருந்துகள் புழக்கத்திற்கு வந்துவிட்டன. நோய் குணமாகத்தக்கது என்ற செய்தி இருந்தது. ஆனால் கதவுகள் திறக்கவில்லை. ஈரானின் வடமேற்கில், தப்ரீஸ் நகரை அடுத்த பாபாபாகி என்னும் இடத்திலே, நோயாளரும் அவர்தம் குழந்தைகளும் ஊருக்குப் புறம்பாக வாழ்ந்துகொண்டிருந்தனர். அங்கே திருமணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தனர், பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் இருந்தன. உலகம் முழுவதும் அங்கே இருந்தது. வெளியே செல்லும் வழி மாத்திரம் இல்லை.

1962 இலையுதிர் காலத்தில், ஒளிப்பதிவாளர் சுலைமான் மினாசியன் உள்ளிட்ட சிறு குழுவோடு ஃபரூக் அங்கு சென்றார். 12 நாட்கள் தங்கிப் படமெடுத்தார். அங்குள்ளோருடன் நெருங்கிப் பழகினார். அவர்களிடையே தயக்கமின்றி நடமாடினார். அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றதையே இம்முயற்சியிற் பெற்ற பெரும்பேறாக அவர் பின்னாளிற் கருதினார்.

நிற்க. துன்புறுவோரைப் படமெடுத்தல் நேர்மையான செயலா என்றொரு கேள்வி இவ்விடத்தில் எழுகின்றது. எங்கள் மலைநாட்டு வாசகருக்கு இக்கேள்வி புதிதன்று. கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டிய பெண்ணின் புன்னகை தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் ஏறி உலகமெங்கும் சென்றிருக்கின்றது. அப்பெண்ணின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. அந்தியில் அவள் திரும்பிச் செல்லும் லயத்து அறை அப்படத்தில் இல்லை. ஒளிப்படக் கருவி ஒருவரைக் காட்டவும் வல்லது. காட்டுவதுபோல மறைக்கவும் வல்லது. தொழுநோயாளர் விஷயத்தில் இந்த அபாயம் இருமடங்கு. புண்ணைக் காட்டிப் பார்வையாளரை நடுங்கவைத்தல் எளிது; கண்ணீரைக் காட்டிப் பணம் திரட்டலும் எளிது. இரண்டிலும் மனிதர் மறைந்து நோய் மாத்திரமே எஞ்சும்.

ஃபரூக் இந்த அபாயத்தை எவ்வாறு கடந்தார் என்பதைப் படமே காட்டுகின்றது. தொடக்கத்திற் கண்ணாடியின் முன் ஒரு பெண் இருக்கின்றாள். முக்காட்டினூடே தெரியும் முகம் நோயினாற் சிதைந்திருக்கிறது. கருவி மெல்ல மெல்ல அவளை அணுகுகின்றது. அவளோ நம்மைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கப்படும் பொருளாக அவளைக் கருதி வந்த நாம், அவளும் பார்ப்பவள் என்பதை அக்கணத்தில் உணர்கின்றோம். அதன்பின் வருபவை அன்றாட வாழ்வின் செயல்களே. ஒருத்தி கண்ணுக்கு மை தீட்டுகின்றாள். ஒரு சிறுமியின் கூந்தல் வாரப்படுகின்றது. சிறுவர் பந்தாடுகின்றனர். திருமண வீட்டில் வாத்தியம் முழங்குகின்றது. ஒருவன் சுவரோரமாக முன்னும் பின்னும் நடந்து நடந்து நாளைக் கழிக்கின்றான்.

படத்திலே இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று கொலஸ்தானின் குரல். அது நோயின் தன்மையையும் வைத்தியத்தையும் சுருக்கமாகவும் உணர்ச்சி கலவாமலும் எடுத்துரைக்கின்றது. நோய் தீரக்கூடியதென்று அழுத்திக் கூறுகின்றது. மற்றது ஃபரூக்கின் தாழ்ந்த குரல். பழைய ஏற்பாட்டின் புலம்பல் மரபைத் தழுவித் தாமே ஆக்கிய கவிதையை அவர் வாசிக்கின்றார். ஒரு குரல் அறிவுக்கு உரியது, மற்றது நெஞ்சுக்கு உரியது. வைத்தியம் மாத்திரம் பேசியிருந்தால் படம் சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரமாய் முடிந்திருக்கும். கவிதை மாத்திரம் பேசியிருந்தால் நோயாளரின் துயரம் வெறும் அலங்காரமாய்ப் போயிருக்கும்.

ஆசிரியனாகிய என் மனத்தை விட்டு அகலாதது வகுப்பறைக் காட்சி. கடவுளின் கொடைகளுக்கு நன்றி கூறும் பாடத்தைப் பிள்ளைகள் வாசிக்கின்றனர். அவருள் கைவிரல் கோணியவரும் உளர். அழகிய பொருள்களைச் சொல்லுமாறு ஆசிரியர் கேட்க, ஒரு சிறுவன் நிலவு, பூ, விளையாட்டு என அடுக்குகின்றான். அழகற்றவற்றைச் சொல்லுமாறு கேட்க, மற்றொருவன் கையையும் காலையும் குறிப்பிடுகின்றான். வகுப்பு முழுவதும் சிரிக்கின்றது. அச்சிரிப்பில் வஞ்சனை இல்லை, தன்னிரக்கமும் இல்லை. பிறகு, வீடு என்ற சொல்லை அமைத்து வாக்கியமொன்று எழுதுமாறு பணிக்கப்பட்ட மாணவன் கரும்பலகையின் முன் நெடுநேரம் நின்று யோசிக்கின்றான். இடையே, நம்மை நோக்கி வரும் நோயாளர் கூட்டத்தின் முன் குடியிருப்பின் வாயிற்கதவு மூடப்படுகின்றது. அவன் எழுதும் விடையே படத்தின் பெயராயிற்று.

மேற்கு ஜேர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவிலே இப்படம் முதன்மைப் பரிசு பெற்றது. விமர்சகர் பலர், மன்னராட்சியின் கீழ் அடைபட்ட ஈரான் நாட்டின் குறியீடு இந்தக் குடியிருப்பு என்று எழுதினர். ஈரானியச் சினிமாவின் புதிய அலை இதிலிருந்தே தொடங்குகிறது என்பாரும் உளர். குறியீடு என்ற கருத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. எனினும் அதை அளவுக்கு மீறி வற்புறுத்துதல் தகாது என்பது என் துணிபு. தொழுநோயாளரை நாட்டின் உருவகமாகவே கண்டால், நம் பார்வை அவர்களைத் தாண்டி எங்கோ சென்றுவிடுகின்றது. மீண்டும் அவர்கள் காணப்படாதவர் ஆகின்றனர். கண்ணுக்கு மை தீட்டும் அப்பெண் எதற்கும் குறியீடல்லள். அவள் தன்னை அழகுபடுத்திக்கொள்ள விரும்பும் ஒரு பெண். அதை அவ்வாறே காட்டியதில்தான் ஃபரூக்கின் பெருமை இருக்கின்றது.

படம் முடிந்ததும் தொடர்பு முடிந்துவிடவில்லை. நோயாளரான பெற்றோருக்குப் பிறந்து, நோயின்றி அங்கு வளர்ந்து வந்த உசேன் என்னும் சிறுவன் ஃபரூக்கோடு மிகவும் ஒட்டிக்கொண்டான். பெற்றோரின் சம்மதத்துடன் அவனைத் தெஹ்ரானுக்கு அழைத்துச்சென்று தம் பிள்ளையாக வளர்த்தார். தம் வயிற்றிற் பிறந்த மகனைச் சட்டம் பிரித்தது. மூடிய கதவுக்குள்ளிருந்த மற்றொரு மகனை அவரே தேடிப் பெற்றார். பின்னாளில் அச்சிறுவன் ஜேர்மனியிற் குடியேறி, கவிஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கினார்.

1964இல் மறுபிறப்பு என்னும் பொருள்படும் தொகுதி வெளிவந்தது. முன்னைய மூன்று தொகுதிகளிலும் தம் துயரைப் பாடிய கவிதாயினி, இதிலே தம்மைச் சூழ்ந்த உலகின் துயரையும் பாடினார். யாப்பும் தளர்ந்து பேச்சின் ஓசையை அணுகியது. நவீன பாரசீகக் கவிதையின் சிகரங்களுள் ஒன்றாக இத்தொகுதி போற்றப்படுகின்றது. பாபாபாகியில் கழித்த 12 நாட்கள் இம்மாற்றத்திற்கு எவ்வளவு காரணம் என்பதை அளந்து கூற இயலாது. ஆனால் பிறர் முகத்தை நெருங்கி நோக்கிய கண் தன்னை நோக்கும் முறையும் மாறியே தீரும் என்பதில் ஐயமில்லை.

1967 பெப்ரவரியில், தெஹ்ரான் வீதியொன்றிலே தாமே ஓட்டிச் சென்ற ஜீப் வண்டியை எதிர்வந்த வாகனத்தில் மோதாதவாறு திருப்பியபோது விபத்து நேர்ந்து ஃபரூக் காலமானார். ஸஹீருத்தௌலா மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1979 புரட்சியின் பின்னர் அவருடைய நூல்கள் தடையையும் தணிக்கையையும் எதிர்கொண்டன. ஆயினும் அவர் கல்லறைக்கு மலரோடு வரும் இளைஞர் கூட்டம் குறையவில்லை.

மூடிய கதவு நம் நாட்டிலும் இருந்தது. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலை ஆசியாவின் மிகப் பழைய இத்தகைய நிலையங்களுள் ஒன்று. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கின்றது. நீரே அங்கு மதிலாயிற்று. தோட்டங்களில் மதிலும் தேவைப்படவில்லை. என் இளமைப் பருவத்திலே எங்கள் லயங்களுக்கு அப்பால், கானோரத்துத் தகரக் கொட்டிலொன்றில் முதியவர் ஒருவர் தனித்து வாழ்ந்தார். விரல்கள் குறுகியிருந்தன. திருவிழா நாட்களில் இலையிற் சோற்றைத் தூரத்தே வைத்துவிட்டு வருவார்கள். அவரைப் பெயர் சொல்லி எவரும் அழைத்து நான் கேட்டதில்லை. நோயின் பெயரே அவர் பெயராயிற்று.

இன்று வைத்தியம் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மருந்துண்டால் நோய் தீர்கின்றது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் அபாயம் நீங்குகின்றது. இலங்கையில் இம்மருந்து இலவசம். 10,000 பேருக்கு ஒருவரினும் குறைவு என்ற நிலையை இந்நாடு 1995இல் எய்தியது. எனினும் அண்மைய ஆண்டுகளிலும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இங்கு இனங்காணப்பட்டுள்ளனர். அவருள் குழந்தைகளும் உளர். உணர்ச்சியற்ற ஒரு வெளிறிய தேமலைக் கண்டவுடன் வைத்தியரிடம் சென்றால் விரலும் கண்ணும் காக்கப்படும். மறைத்து வைத்தால் காக்கப்படமாட்டா. மறைக்கச் செய்வது நோயன்று. அயலார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமே. சட்டங்கள்கூட மிகத் தாமதமாகவே திருந்தின. இந்தியாவில் துணைவருக்குத் தொழுநோய் இருப்பது மணவிலக்குக்குரிய காரணமாகச் சட்டத்தில் 2019 வரை நீடித்தது என்றால் வேறென்ன சொல்ல இருக்கிறது?

ஆகவே ஃபரூக்கின் படம் பழைய காலத்துச் சின்னமாகிவிடவில்லை. மருந்து தீர்க்கக்கூடிய பகுதியை மருந்து தீர்த்துவிட்டது. கண்கள் தீர்க்கவேண்டிய பகுதி எஞ்சி நிற்கிறது. வகுப்பிலே தேமலோடு வரும் பிள்ளையை எந்த இருக்கையில் அமர்த்துகிறோம் என்பதை ஆசிரியர்களாகிய நாம்தான் தீர்மானிக்கின்றோம். ஏனைய பிள்ளைகள் அதைப் பார்த்தே கற்கின்றனர். அச்சிறுமியையோ சிறுவனையோ வைத்தியரிடம் அனுப்பிவிட்டு, மறுநாள் அதே இருக்கையில், அதே தோழர் நடுவே, பெயர் சொல்லி அழைத்து அமர்த்துவோமாயின், தப்ரீஸின் அந்த வாயிற்கதவை நம்மாலான அளவுக்குத் திறந்தவர்களாவோம்.